கழன்ற கம்பியும் கண்டறியும் கலையும்

மோட்டார் கார் பிறந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு வரை அதைக் கிளப்புவது கைவலிமையைச் சார்ந்த வேலையாகவே இருந்தது. வண்டியின் முன்னால் நின்று, வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றை எஞ்சினின் சுழல்தண்டில் செருகிச் சுற்ற வேண்டும். தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் பிற்காலத்தில் 'ஹேண்டில் போடுவது' என்று சொன்னது இதைத்தான். மின்பொறி உரிய கணத்துக்கு முன்பே தெறித்துவிட்டால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும் என்பதால், கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேல்நோக்கி இழுக்க வேண்டும் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. ஆயினும் ஆபத்து நிறைந்த அம்முறையில் ஒரு நன்மை இருந்தது. சுற்றுகிற கை எஞ்சினின் நாடியையும் பிடித்துப் பார்த்தது; ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் தடை தளர்ந்தால் ஒரு சிலிண்டரில் அழுத்தம் கசிகிறது என்பதையும், தண்டு அசையவே மறுத்தால் எஞ்சின் உள்ளே இறுகிவிட்டது என்பதையும் உரிமையாளர் எவரையும் கேளாமல் அறிந்துகொண்டார்.

இந்நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். எஞ்சினைச் சுழற்றும் ஆற்றலுள்ள மின்மோட்டார் வண்டியில் அடங்காத அளவுக்குப் பெரிதாக இருக்கும் என்று பலர் கருதிய காலத்தில், டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி தயாரிக்கும் நிறுவனமொன்றில் பணியாற்றியிருந்த அவர், பெட்டியைத் திறக்கும் சிறிய மோட்டார் ஒரு கணம் மட்டும் தன் அளவுக்கு மீறிய வேலையைச் செய்ய வல்லது என்பதை அறிந்திருந்தார். காரைக் கிளப்பும் மோட்டாரும் சில நொடிகளே உழைத்தால் போதும் என்ற அந்த எளிய எண்ணத்தின் விளைவாக, 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்கள் 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்னும் தானியங்கு கிளப்பியோடு விற்பனைக்கு வந்தன. ஃபோர்டின் மாடல் டி காரிலும் 1919 முதல் அது கிடைத்தது. கைப்பிடி படிப்படியாக அவசரத் துணைக்கருவியாகச் சுருங்கியது.

ஆனால் கை விலகிய இடத்தில் ஒரு நீண்ட சங்கிலி வந்து அமர்ந்தது. பேட்டரி, அதன் முனைகளைக் கவ்வும் டெர்மினல்கள், சாவித் துவாரத்து சுவிட்ச், பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சோலினாய்டு, சுழலும் பகுதிக்கு மின்சாரத்தை ஏற்றும் கார்பன் துண்டுகளோடு கூடிய மோட்டார், மோட்டாரின் பல்சக்கரத்தை எஞ்சினின் சக்கரத்தோடு கோத்துவிடும் பெண்டிக்ஸ், மின்சாரம் திரும்பி வரும் எர்த் கம்பி, இவற்றோடு பேட்டரிக்கு மீண்டும் சார்ஜ் ஏற்றும் டைனமோ ஆகிய அனைத்தும் சீராக இருந்தால்தான் வண்டி கிளம்பும். இவற்றில் எது கெட்டாலும் உரிமையாளருக்குத் தெரிவது 'வண்டி எடுக்கவில்லை' என்ற ஒரே அறிகுறிதான். ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருக்க முடிந்ததும், அவற்றுள் எது மெய்யான காரணம் என்பதைப் பழுதுபார்ப்பவர் மட்டுமே அறிந்திருந்ததும் மிகைக்கட்டணத்துக்கு இடம் கொடுத்தன.

அதன் பரப்பை 1941-இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ் நடத்திய ஆய்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நன்கு ஓடும் கார் ஒன்றில், பொறிக்குரிய உயரழுத்தத்தை உண்டாக்கும் இக்னிஷன் காயிலின் கம்பி ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு, ஆய்வாளர்கள் அமெரிக்காவின் அன்றைய 48 மாநிலங்களிலும் 347 பட்டறைகளுக்குச் சென்றனர். தொழில் தெரிந்தவர் மூடியைத் திறந்ததும் கண்டுபிடித்துவிடக்கூடிய அக்குறைக்கு, 63 விழுக்காட்டுப் பட்டறைகள் தேவையற்ற வேலையைச் செய்தன அல்லது செய்யாத வேலைக்குப் பணம் கேட்டன. இவை அனைத்தையும் வஞ்சகம் என்று ஒதுக்கிவிடுவது முழு விளக்கமாகாது. தெரிந்தே ஏமாற்றுபவரும், காரணம் தெரியாமல் பாகத்தை மாற்றிப் பார்ப்பவரும் இறுதியில் நீட்டுவது ஒரே மாதிரியான பில்தான். கலிஃபோர்னியாவில் 1971-இல் இயற்றப்பட்ட வாகனப் பழுதுபார்ப்புச் சட்டம், வேலையைத் தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுதித் தர வேண்டும் என்றும், கேட்டால் கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் விதித்து வஞ்சகத்துக்கு அணை போட்டது. அறியாமைக்கு மருந்து அளவீடு ஒன்றே.

அம்மருந்து தொழிலின் கையில் நெடுங்காலமாகவே இருந்தது. சிறு பல்பில் இரண்டு கம்பிகளைப் பொருத்திய டெஸ்ட் லாம்ப், மின்சாரம் எந்த இடம் வரை வந்து நின்றுவிட்டது என்பதைக் காட்டியது. 1923-இல் பிரிட்டனில் வெளிவந்த ஆவோமீட்டர், வோல்ட், ஆம்பியர், ஓம் ஆகிய மூன்றையும் ஒரே கருவியில் அளந்தது. அளவீட்டின் அருமையை ஒரு கணக்கு விளக்கும். 12 வோல்ட் பேட்டரியின் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்த உப்பினால் 0.05 ஓம் தடை உண்டாகியிருப்பதாகக் கொண்டால், முகப்பு விளக்குகளுக்குரிய 10 ஆம்பியர் அதைக் கடக்கும்போது அரை வோல்ட் மட்டுமே குறையும். விளக்கு பளிச்சென்று எரியும். அதே இடத்தில் ஸ்டார்ட்டருக்குரிய 150 ஆம்பியர் கடக்க வேண்டுமானால் 7.5 வோல்ட் அங்கேயே தொலையும். அவ்வளவு இழப்பில் அந்த மின்னோட்டமே பாய முடியாமல் மோட்டார் முடங்கிவிடும். விளக்கு எரிவதால் பேட்டரியைக் குறை சொல்லாதவர் ஸ்டார்ட்டரை மாற்றுவார். மோட்டார் சுழலாததால் பேட்டரியைச் சந்தேகிப்பவர் புதுப் பேட்டரி வாங்குவார். மெய்யான குறையோ சுடுநீரும் கம்பித் தூரிகையும் கொண்டு பத்து நிமிடத்தில் நீக்கத்தக்கது. சாவியைத் திருப்பியபடியே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தண்டிலும் மறுமுனையை அதைக் கவ்வும் டெர்மினலிலும் வைத்தால், அந்த இழப்பு எண்ணாகவே கண்ணெதிரில் தோன்றும்.

தமிழ்நாட்டில் இத்தொழிலுக்குத் தனி வரலாறு உண்டு. 1961-இல் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் இணைந்து லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்க, சென்னையை அடுத்த பாடியில் ஸ்டார்ட்டர்களும் டைனமோக்களும் உள்நாட்டிலேயே உருவாயின. பட்டறைகளில் வளர்ந்த சொல்வழக்கு அத்தொழிலின் அறிவையும் தாங்கி நிற்கிறது. 'செல்ஃப் எடுக்கவில்லை', 'கார்பன் தேய்ந்துவிட்டது', 'பெண்டிக்ஸ் வழுக்குகிறது', 'எர்த் சரியில்லை' என்னும் தொடர்கள் ஒவ்வொன்றும் சங்கிலியின் ஒரு கண்ணியைச் சுட்டுவன. டைனமோவின் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடித்து வெகுகாலம் ஆன பின்பும் பலர் அதை டைனமோ என்றே அழைக்கின்றனர். தேய்ந்த கார்பனை மட்டும் மாற்றி, எரிந்த சுருளை மறுபடி சுற்றி, மோட்டாரைக் காப்பாற்றிய எலெக்ட்ரீஷியன்களின் சிக்கனம், முழுப் பாகத்தையும் தூக்கியெறியும் வழக்கம் பரவியபோது பின்னுக்குத் தள்ளப்பட்டது பேரிழப்பேயாகும்.

1996 முதல் அமெரிக்காவில் விற்பனையாகும் கார்களில் கட்டாயமாக்கப்பட்ட கணினிவழிப் பழுதறியும் முறையும் இவ்வரலாற்றைத் திருப்பிவிடவில்லை. ஸ்கேனர் காட்டும் குறியீடு 'மின்னழுத்தம் குறைவு' என்று சாட்சி சொல்லுமே தவிர, குற்றவாளி ஆல்டர்னேட்டரா, தளர்ந்த பெல்ட்டா, துருவேறிய எர்த்தா என்று தீர்ப்பு வழங்காது. குறியீட்டைப் படித்த உடனே பாகத்தை மாற்றும் இன்றைய பட்டறைக்கும், கழன்ற கம்பியைக் காணாமல் புதுக் காயிலைப் பில்லில் எழுதிய அன்றைய பட்டறைக்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. கைப்பிடி சுற்றியவரின் உள்ளங்கை ஒருகாலத்தில் உணர்ந்து சொன்னதை இன்று மீட்டரின் முள் சொல்கிறது. எந்த இடத்தில் எத்தனை வோல்ட் குறைந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கொடுக்கும் உரிமையாளர், நூறாண்டுக்கு முன் இழந்த அந்த அறிவில் ஒரு பகுதியையாவது மீட்டுக்கொள்கிறார்.