மூச்சு நுண்குழாய் அழற்சியும் ஆர்எஸ்வி தடுப்பூசியின் வரலாறும்

மூச்சு நுண்குழாய் அழற்சி என்பது நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக் குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபடும் நோய். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையே, அதிலும் கைக்குழந்தைகளையே, இது பெரும்பாலும் தாக்குகிறது. இதற்கு முதன்மைக் காரணம் ஆர்எஸ்வி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தீநுண்மி. இது கண்டறியப்பட்டது 1956இல். இதற்கு எதிரான தடுப்பூசி முதன்முதலாக ஒப்புதல் பெற்றதோ 2023இல். இடையில் இத்தனை ஆண்டுகள் கடந்ததற்கு, நடுவில் நிகழ்ந்த ஒரு பெருந்தவறும் காரணம்.

பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாக வந்து போகும் கிருமி குழந்தையை மட்டும் ஏன் மூச்சுத் திணற வைக்கிறது? இதற்கு விடை இயற்பியலில் இருக்கிறது. சீராக ஓடும் காற்றுக்கு ஒரு குழாய் தரும் தடை, அதன் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆரம் பாதியானால் தடை இருமடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. ஏற்கெனவே ஊசித்துளை போன்ற குழாயில் சிறிது வீக்கமும் சளியும் சேர்ந்தாலே போதும்.

கண்டுபிடிப்பு

அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் சிம்பன்சிகளுக்குச் சளி பிடித்தபோது இத்தீநுண்மி பிரித்தெடுக்கப்பட்டது. ஆகவே முதலில் இதற்குச் சிம்பன்சியின் பெயரே வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ராபர்ட் சனோக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் பால்டிமோரில் நோயுற்ற குழந்தைகளிடம் இதே தீநுண்மியைக் கண்டார்கள். இது தொற்றிய உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து பெருந்திரளாகின்றன. இப்போதைய பெயர் அந்தத் தன்மையிலிருந்து வந்தது.

1966ஆம் ஆண்டுச் சோதனை

போலியோவுக்கு எதிராகச் சால்க் உருவாக்கிய தடுப்பூசி, ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த தீநுண்மியைக் கொண்டது. அது பெருவெற்றி பெற்றிருந்த காலம் அது. ஆர்எஸ்வியையும் அதே முறையில் ஃபார்மலினில் செயலிழக்கச் செய்து குழந்தைகளுக்குச் செலுத்தினார்கள். அன்றைய அறிவுக்கு அது நியாயமான முடிவாகவே தெரிந்திருக்கும்.

வாஷிங்டனில் நடந்த சோதனையில் 31 கைக்குழந்தைகள் இந்த ஊசியைப் பெற்றார்கள். பின்னர் அவர்களில் 20 பேருக்கு ஆர்எஸ்வி இயற்கையாகத் தொற்றியது. அந்த 20 பேரில் 16 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. வேறொரு தடுப்பூசி பெற்ற ஒப்பீட்டுக் குழுவில் தொற்றுக்கு ஆளான 21 பேரில் மருத்துவமனைக்குச் சென்றது ஒரே ஒரு குழந்தைதான். ஊசி பெற்ற குழந்தைகளில் இருவர் இறந்தனர். காக்க வேண்டிய ஊசியே நோயைக் கடுமையாக்கிவிட்டது. இம்முடிவுகளை ஆய்வாளர்கள் மறைக்காமல் 1969இல் வெளியிட்டார்கள். அதன் பின் ஆர்எஸ்வி தடுப்பூசி என்றாலே ஆய்வுலகம் பல ஆண்டுகள் தயங்கியது.

தடுப்பூசி இல்லாத காலத்துச் சிகிச்சை

இடைக்காலத்தில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, ஸ்டீராய்டு, நுண்ணுயிர்க்கொல்லி எல்லாம் தாராளமாகக் கொடுக்கப்பட்டன. 1980களில் ரிபாவிரின் மருந்தைப் புகைபோல் உள்ளிழுக்கச் செய்யும் முறையும் வந்தது. அமெரிக்கக் குழந்தைமருத்துவக் கழகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இவற்றில் பெரும்பாலானவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. ஆக்சிஜன் குறைந்தால் ஆக்சிஜன், மூக்கடைப்பை நீக்குதல், நீர்ச்சத்து குறையாமல் பார்த்தல் ஆகியவையே எஞ்சின. மருந்துச் சீட்டு எழுதித் தராத மருத்துவரைப் பெற்றோர் குறைசொல்வது வழக்கம். இந்த நோயில் அவர் செய்வதே பெரும்பாலும் சரி. ஆனால் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு இழுக்கையில் விலாவின் கீழ் குழி விழுந்தாலோ, மூச்சு இடையிடையே நின்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

1998இல் பலிவிசுமாப் என்ற பிறபொருளெதிரி வந்தது. குறைமாதக் குழந்தைகள், இதயக் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்கு மட்டும், நோய்ப் பருவத்தில் மாதந்தோறும் போட வேண்டிய விலைமிக்க ஊசி அது.

புரதத்தின் வடிவம்

பழைய தடுப்பூசி தோற்றதன் காரணம் மெல்ல விளங்கியது. தீநுண்மியின் மேலுள்ள எஃப் புரதம் உயிரணுவோடு இணையுமுன் ஒரு வடிவத்திலும், இணைந்தபின் வேறொரு வடிவத்திலும் இருக்கிறது. வலிமையான பிறபொருளெதிரிகள் பிடிப்பது முதல் வடிவத்தை. அதுவோ நிலையற்றது, ஃபார்மலினில் தயாரித்த ஊசியில் அது இல்லை. ஆகவே உடலில் உருவான பிறபொருளெதிரிகள் தீநுண்மியைத் தடுக்க முடியாமல், நுரையீரல் அழற்சியை மட்டும் மிகுவித்தன.

2013இல் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம், பீட்டர் குவாங் ஆகியோரின் குழு அம்முதல் வடிவத்தின் கட்டமைப்பைக் கண்டு, அதை நிலைப்படுத்தவும் செய்தது. புரதத்தை இப்படி நிலைப்படுத்தும் உத்தியே பிறகு கொரோனாத் தடுப்பூசிகளுக்கும் கைகொடுத்தது.

2023 மே மாதம் முதியோருக்கான ஆர்எஸ்வி தடுப்பூசிக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆகஸ்டில் கர்ப்பிணிகளுக்கு 32 முதல் 36 வாரங்களுக்குள் போடும் ஊசிக்கு ஒப்புதல் கிடைத்தது. தாயிடம் உருவாகும் பிறபொருளெதிரி நஞ்சுக்கொடி வழியாகச் சேயை அடைகிறது. குழந்தைக்கே ஒருமுறை போடும் நிர்செவிமாப் என்ற பிறபொருளெதிரி ஊசியும் அதே ஆண்டு அங்கு வந்தது. இரண்டும் குழந்தையின் எதிர்ப்பாற்றலைத் தூண்டாமல், ஆயத்தமான பாதுகாப்பையே தருகின்றன.

கைக்குழந்தைக்கு நேரடியாகப் போடும் தடுப்பூசி இன்னும் இல்லை. 2024இல் அத்தகைய எம்ஆர்என்ஏ ஊசியின் சோதனையில், ஊசி பெற்ற குழந்தைகளிடம் கடுமையான நோய் கூடுதலாகத் தென்பட்டது. புதிய குழந்தைகளுக்கு ஊசி போடுவது உடனே நிறுத்தப்பட்டது.