சூர்யன் பார்த்த ஓட்டம்

வேளச்சேரியில் எங்கள் அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் இப்போது நாலு மின்சார ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. என் வண்டியை சார்ஜில் போடும்போது வாட்ச்மேன் அண்ணன் கேட்டார்: "ஏன் தம்பி இவ்ளோ நேரம்? உள்ள என்னதான் நகருது?"

லித்தியம் அயனின்னு சொன்னேன். "யாரு பார்த்தா?" என்றார்.

நியாயமான கேள்வி. பேட்டரியைப் பிரித்தால் ஓட்டமே நின்றுவிடும். பிரிக்காமல் பார்க்க ஒரு வழி, அணுக்கரு காந்த ஒத்ததிர்வு. பர்செலும் பிளாக்கும் 1946-ல் தனித்தனியே அதை அறிவித்தார்கள். எம்ஆர்ஐ ஸ்கேனுக்கும் அடிப்படை அதுதான்.

ஐந்தே வருடத்தில், 1951-ல், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஜி. சூர்யன் குழாயில் ஓடும் திரவத்தை அந்தக் காந்தத்துக்குள் விட்டுப் பார்த்தார். நிற்கும் நீரில் அணுக்கருக்கள் ரேடியோ அலையை வாங்கி வாங்கித் திகட்டிப்போகும்; சிக்னல் மங்கும். நீர் ஓடினால், கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர்கள் எழுந்து பசித்தவர்கள் உட்காருவது மாதிரி, புது அணுக்கருக்கள் வந்து சேரும், சிக்னல் ஏறும். காந்த ஒத்ததிர்வால் ஓட்டத்தை அறியலாம் என்று காட்டிய முதல் ஆய்வாக இதைச் சொல்கிறார்கள். இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் வெளிவந்தது. எங்கள் கல்லூரியில் மூன்று வருடம் இயற்பியல் படித்தேன். இந்தப் பெயர் ஒருமுறைகூட என் காதில் விழவில்லை.

சூர்யன் பார்த்தது மொத்தமாக ஓடும் திரவத்தை. தனித்தனி அயனிகளின் அலைச்சலைப் பிடிக்க வேறு உத்தி வேண்டியிருந்தது. 1950-ல் ஹான் கண்ட 'ஸ்பின் எதிரொலி'யின் மேல் 1965-ல் ஸ்டெஸ்கலும் டானரும் அதைக் கட்டினார்கள். ஒரு காந்தத் துடிப்பால் அணுக்கருக்களுக்கு அவை இருக்கும் இடத்தின் அடையாளத்தைக் குத்துவது, கொஞ்சம் பொறுத்து இன்னொரு துடிப்பால் அதை அழிப்பது. இடம் மாறியவற்றில் அடையாளம் சரியாக அழியாது; எதிரொலி குறையும். எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து விரவும் வேகத்தைக் கணக்கிடலாம். லித்தியத்துக்கு ஒரு அதிர்வெண், ஃப்ளூரினுக்கு வேறொன்று என்பதால், ஒரே மின்பகுளிக்குள் நேர் அயனியையும் எதிர் அயனியையும் தனித்தனியே கேட்க முடிகிறது.

ஆனால் இந்தக் காதுக்கும் ஒரு குறை உண்டு. தனியே திரியும் லித்தியமும், எதிர் அயனியோடு ஜோடி சேர்ந்து மின்னூட்டம் இழந்த லித்தியமும் சேர்ந்தே கேட்கும். அதனால் மின்கடத்தலையும் அளந்து ஒப்பிடுகிறார்கள்.

எனக்குப் பிடித்த முடிவு ஒன்று. வழக்கமான லித்தியம் பேட்டரித் திரவத்தில், உருவில் சின்னதான லித்தியம் தன்னைவிடப் பெரிய எதிர் அயனியைவிட மெதுவாகத்தான் நகர்கிறது. கரைப்பான் மூலக்கூறுகளை ஒட்டவைத்துக்கொண்டே போகிறது. சார்ஜ் ஏற நேரம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை அண்ணனிடம் சொன்னேன்.

"சின்னது ஏன் தம்பி மெதுவா போவுது?"

"மூட்டை தூக்கிட்டுப் போவுதுண்ணே."