எரிந்த காரில் எது மிஞ்சினால் அது அதே கார்?

ஒரு பழைய லொத்தஸ் எலான் காரில் தீப்பிடித்தால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். அதன் உடல் பைபர்கிளாஸ். அதிலுள்ள பொலியெஸ்டர் பிசின் நன்றாக எரியும். நெருப்பை அணைத்த பிறகு பார்த்தால் முன்பக்கத்தில் காரின் வடிவமே இருக்காது. பிசின் எரிந்துபோக, கண்ணாடி இழை மட்டும் கருகிய சாக்குப்போலத் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே ஒரு இரும்புச் சட்டம், ஒரு எஞ்சின், உருகி வழிந்த அலுமினியம். அவ்வளவுதான்.

இதை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? வாங்குகிறார்கள். இங்கிலாந்தில் இப்படி எரிந்த கார்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சொந்தக் கராஜில் வைத்து, பின்னேரங்களிலும் சனி ஞாயிறுகளிலும் வருடக்கணக்காகத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். காசுள்ளவரின் விசர் வேலை எண்டு சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இந்தக் காரின் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டினால் வேறொரு கேள்வி வந்து நிற்கிறது. எரிந்துபோன ஒன்றை மீளக் கட்டும்போது, நாம் கட்டுவது பழையதையா, அல்லது அதன் பெயரில் இன்னொன்றையா?

வரியால் பிறந்த வீட்டு மெக்கானிக்

லொத்தஸ் எண்டவுடன் பெரிய தொழிற்சாலை ஒன்றைக் கற்பனை செய்யவேண்டாம். கொலின் சப்மன் 1948 இல் தன்னுடைய முதல் காரைச் செய்தது, காதலியின் பெற்றோருடைய வீட்டுக்குப் பின்னாலிருந்த கராஜில். பழைய ஒஸ்ரின் செவின் ஒன்றைப் பிரித்து, அதன் சட்டத்தின்மேல் தன் சொந்த உடலைக் கட்டினார். 1952 இல் கம்பனி தொடங்கியபோதும் இடம் அதிகம் மாறவில்லை. வடக்கு லண்டன் ஹோர்ன்சியில் தகப்பன் நடத்திய மதுச்சாலைக்குப் பின்னாலிருந்த பழைய குதிரை லாயம்தான் பட்டறை.

அந்தக் காலத்து பிரித்தானியாவில் புதுக் கார் வாங்கினால் கொள்வனவு வரி கட்டவேண்டும். அந்த வரி சில ஆண்டுகளில் 50 வீதத்தையும் தாண்டியது. ஆனால் முழுக் காராக வாங்காமல் பாகங்களாக வாங்கி, வாங்கியவரே பூட்டினால் அந்த வரி இல்லை. சப்மன் இந்த ஓட்டையை நன்றாகப் பயன்படுத்தினார். 1957 இல் வந்த லொத்தஸ் செவினும் 1962 இல் வந்த எலானும் இப்படிப் பாகங்களாகவும் விற்கப்பட்டன. எப்படிப் பூட்டுவது எண்டு கம்பனி எழுதிக் கொடுக்கக்கூடாது எண்டதால், 'எப்படிக் கழற்றுவது' எண்டு எழுதிக் கொடுத்தார்கள், அதைக் கடைசியிலிருந்து வாசித்தால் சரி எண்டு ஒரு கதை இன்றைக்கும் சொல்லப்படுகிறது. 1973 ஏப்ரலில் கொள்வனவு வரி போய் பெறுமதி சேர் வரி வந்தது. பாகங்களுக்கும் வரி எண்டானது. எலான் இரட்டை இருக்கைக் காரின் உற்பத்தியும் அதே வருடம் முடிந்தது.

இந்த இடத்தை நாங்கள் முக்கியமாகப் பார்க்கிறோம். வீட்டில் கார் திருத்தும் பழக்கத்தை வெறும் பொழுதுபோக்கு எண்டு சொல்வார்கள். உண்மையில் ஒரு வரிச் சட்டம் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களையும் எழுதுவினைஞர்களையும் கையில் ஸ்பானர் பிடிக்க வைத்தது. தன் கையால் பூட்டிய காரை ஒருவர் தன் கையால் கழற்றவும் பயப்படமாட்டார்.

இன்னொரு சுவையான சங்கதி. எலானை வடிவமைத்தவர் தென்னாபிரிக்காவில் பிறந்த ரொன் ஹிக்மன். வீட்டில் அலுமாரி செய்யும்போது விலையுயர்ந்த கதிரை ஒன்றை வாங்குபோல வைத்து மரம் அரிந்தார். மரத்தோடு கதிரையும் அரிபட்டது. அந்த எரிச்சலில்தான் மடித்து வைக்கக்கூடிய வேலை மேசை ஒன்றை யோசித்தார். பல கம்பனிகள் இது விலைபோகாது எண்டு திருப்பி அனுப்பின. 1970களின் தொடக்கத்தில் பிளாக் அன்ட் டெக்கர் அதை 'வேர்க்மேற்' எண்ட பெயரில் பெரிய அளவில் செய்யத் தொடங்க, அது ஒரு கோடிக்கும் மேல் விற்றது. வீட்டில் பூட்டும் காரை வரைந்தவரே வீட்டில் வேலை செய்யும் மேசையையும் தந்தார்.

நெருப்பு எங்கிருந்து வருகிறது?

எலானின் எஞ்சின் 1558 சிசி. அடிப்பகுதி போர்ட் கம்பனியுடையது, மேலே லொத்தஸ் செய்த இரட்டைக் கம்சாஃப்ட் தலை. போர்டின் பழைய அடிப்பகுதியைப் பயன்படுத்தியதால் டிஸ்ரிபியூட்டரும் பழைய இடத்திலேயே இருந்தது. புதுத் தலையின் காபுரேற்றர்கள் சரியாக அதற்கு மேலே வந்து அமர்ந்தன. மேலே பெற்றோல், கீழே மின்பொறி. காபுரேற்றரிலோ அதற்குப் போகும் குழாயிலோ சின்னக் கசிவு வந்தாலும் சொட்டு விழுவது அந்த டிஸ்ரிபியூட்டர் பக்கமாகத்தான்.

புதுசில் இது பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் றபர் குழாய் வயது போகப்போக இறுகி வெடிக்கும். இப்போதைய பெற்றோலில் எதனோல் கலக்கிறார்கள். பிரித்தானியாவில் 2021 செப்டெம்பரிலிருந்து வழமையான பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் இருக்கிறது. 1960களின் றபருக்கு இது ஒத்துவராது. ஆக, அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு வடிவமைப்புச் சமரசமும் இன்றைய எரிபொருள் கொள்கையும் ஒரே சொட்டில் சந்திக்கின்றன.

சாம்பலுக்குள் கணக்கெடுப்பு

எரிந்த காரைத் திருத்துகிறவர் முதலில் செய்வது எதையும் பூட்டுவதல்ல, கணக்கெடுப்பு. எது தப்பியது, எது தப்பியதுபோல நடிக்கிறது? இந்த இரண்டாவதுதான் ஆபத்து.

கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஸ்பிரிங், சூடேறி ஆறியபோது தன் பதத்தை இழந்திருக்கலாம். பெயாரிங் அழகாகச் சுற்றும், ஆனால் அதன் கடினம் போயிருக்கும். அலுமினியம் 660 பாகையில் உருகும், அதற்கு முன்னமே வளைந்துவிடும். அதனால் எஞ்சின் தலையைக் கழற்றி, மட்டப்பலகை வைத்துப் பார்க்கவேண்டும். பிறேக் குழாய்கள், சீல்கள், வயரிங் எல்லாம் யோசனை இல்லாமல் குப்பைக்கு. வயரின் ஒரு முனை மட்டும் எரிந்திருந்தாலும், சூடு செம்பு வழியாக உள்ளே போய் மற்றப் பக்கத்து உறையையும் கெடுத்திருக்கும்.

அடுத்தது உடலைச் சட்டத்திலிருந்து தூக்குவது. எலானின் சட்டம் முதுகெலும்புபோல நடுவால் ஓடும் மடித்த இரும்புத் தகடு. இரண்டு முனையிலும் கவைபோல விரியும். இதன் முன்குறுக்குப் பகுதி உள்ளே வெறுமையானது. முன்விளக்குகள் மேலெழும்ப எஞ்சினிலிருந்து வரும் வெற்றிட இழுவை தேவை, அதைச் சேமித்து வைக்கும் தொட்டி அந்தக் குறுக்குப் பகுதிதான். அங்கே ஒரு சிறு துரு ஓட்டை விழுந்தாலும் விளக்குகள் ஒழுங்காக எழும்பாது. நெருப்பு பூச்சை எரித்துவிட்டால் துரு நாட்கணக்கில் வரும். ஆகவே வளைந்திருக்கிறதா எண்டு அளப்பதும், வெறும் இரும்பைக் காப்பதும் உடனே செய்யவேண்டியவை.

பைபர்கிளாஸ் திருத்துவதில் ஒரு விதி. எரிந்த விளிம்பில் ஒட்டவே கூடாது. கறுப்புப் போகும்வரை அல்ல, நல்ல பிசின் வரும்வரை வெட்டவேண்டும். வெட்டிய ஓரத்தைச் சரிவாகச் சீவி, அந்தச் சரிவின்மேல் இழைப் பாய்களைப் பிசினில் நனைத்து ஒவ்வொன்றாக, ஒன்றைவிட ஒன்று அகலமாகப் போடவேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையில் தடிப்பாகப் போட்டால் பிசின் இறுகும்போது தானே சூடாகி வெடிக்கும். நெருப்பில் கெட்டதை மறுபடி சூட்டில் கெடுப்பது அது. பிசின் ஆவியும், அரைக்கும்போது வரும் தூசியும் நுரையீரலுக்குக் கூடாது. கதவைத் திறந்துவைத்து, முகமூடி போட்டுத்தான் இந்த வேலை.

முன்பக்கம் முழுவதும் போய்விட்டால்? வேறொரு எலானின் பாதியையோ, புதிதாக வார்த்த பகுதியையோ வாங்கிப் பொருத்தலாம். அப்போதுதான் கேள்வி திரும்ப வருகிறது. பாதி உடல் வேறு, வயரிங் வேறு, சட்டமும் வேறு எண்டால், மிஞ்சுவது எது?

கொவென்றி, 1957

இந்தக் கேள்வி வீட்டுக் கராஜுக்கு மட்டும் உரியதல்ல. 1955, 56, 57 ஆகிய மூன்று வருடங்களும் லெ மொன் 24 மணிநேர ஓட்டத்தை வென்றது ஜக்குவார் டி-டைப். 1956 முடிவில் கம்பனி பந்தயத்திலிருந்து விலகியபோது விற்காத டி-டைப் சில மிஞ்சின. அவற்றுக்குக் கண்ணாடி, இரண்டாவது கதவு, பம்பர் எல்லாம் வைத்து வீதிக் காராக மாற்றி எக்ஸ்.கே.எஸ்.எஸ். எண்டு விற்கத் தீர்மானித்தார்கள். திட்டம் 25 கார்கள்.

1957 பெப்ரவரி 12 இரவு, கொவென்றியில் பிறவுன்ஸ் லேன் தொழிற்சாலை எரிந்தது. அதில் 9 எக்ஸ்.கே.எஸ்.எஸ். போயின. கடைசியில் முழுதாக வந்தவை 16 மட்டும். அதில் ஒன்றை நடிகர் ஸ்ரீவ் மக்குயின் வைத்திருந்தார். அருமை கூடக்கூட விலையும் கூடியது. நெருப்புத்தான் அந்தக் காரை ஒரு புராணமாக்கியது.

2016 இல் ஜக்குவார் ஓர் அறிவிப்புச் செய்தது. எரிந்த அந்த ஒன்பதுக்கும் பதிலாக ஒன்பது புதுக் கார்கள், பழைய முறையிலேயே கையால் செய்யப்படும், ஒவ்வொன்றும் பத்து லட்சம் பவுணுக்கு மேல். அந்த ஒன்பதிலும் 1957 இன் ஒரு ஆணிகூட இல்லை. இருந்தும் பார்வைக்கு அவை 1957 தான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. ஒரு பக்கம், பழைய சட்டத்தையும் கருகிய எஞ்சினையும் வைத்துக்கொண்டு பாதி உடலை ஒட்டிய வீட்டுக் கார். மறுபக்கம், எதையும் எரியவிடாத மாதிரி வந்து நிற்கும் தொழிற்சாலைக் கார். எங்களுக்கு முதலாவதுதான் வரலாறு. இரண்டாவது மிகத் திறமையான நினைவுச் சின்னம். திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது நெருப்பு நடக்காத ஒரு கடந்தகாலத்தை விற்கிறது.

எட்டுப் புள்ளிகள்

பிரித்தானிய வாகனப் பதிவு அதிகாரிகள் இந்தத் தத்துவச் சிக்கலைக் கணக்காக மாற்றியிருந்தார்கள். நீண்டகாலம் நடைமுறையிலிருந்த விதிப்படி, பெரிதாக மாற்றப்பட்ட கார் தன் பழைய பதிவெண்ணை வைத்திருக்க 8 புள்ளி வேண்டும். மூலச் சட்டத்துக்கு 5, தொங்கலமைப்புக்கு 2, அச்சுகளுக்கு 2, கியர்பெட்டிக்கு 2, ஸ்ரியரிங்குக்கு 2, எஞ்சினுக்கு 1. உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக வந்த புதுச் சட்டமும் மூலச் சட்டம்போல எண்ணப்படும்.

கவனியுங்கோ, எஞ்சினுக்கு ஒரே ஒரு புள்ளி. காரின் இதயம் எண்டு நாம் சொல்வதைச் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. உடலின் வடிவமோ நிறமோ அந்தக் கணக்கிலேயே இல்லை. எதன்மேல் மற்றதெல்லாம் நிற்கிறதோ, அதற்குத்தான் பெறுமதி.

எங்கட பக்கத்து ஏ 40

இதே பிரித்தானியக் கார்த் தொழில் செய்த ஒஸ்ரின் ஏ 40, மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் எல்லாம் யாழ்ப்பாணத்தில் எவ்வளவு காலம் ஓடின, இன்னும் ஓடுகின்றன எண்டு வாசிப்பவர்களுக்குத் தெரியுந்தானே. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாதபோது, கொஞ்சப் பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஏ 40 எஞ்சினின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று அளவில்தான், அதனால் அது மண்ணெண்ணெயைத் தாங்கியது. எலானின் எஞ்சின் ஒன்பதரைக்கு ஒன்று. அதில் இதைச் செய்தால் தட்டித் தட்டியே செத்துவிடும்.

அங்கே வரியைத் தவிர்க்க ஸ்பானர் எடுத்தார்கள். இங்கே வேறு வழியில்லாமல் எடுத்தார்கள். இரண்டையும் சமன் எண்டு சொல்லவரவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் அறிவு கம்பனியிடமிருந்து வாங்கியவரின் கைக்கு இறங்கியது. எங்கட மெக்கானிக்மார் அப்போது என்ன செய்தார்கள், எந்தப் பாகத்துக்கு எதை மாற்றாக வைத்தார்கள் எண்டு அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிவைப்பது இன்னும் முழுதாக நடக்கவில்லை. அவர்களில் பலருக்கு வயது போய்விட்டது. ஸ்பானர் பிடித்த தலைமுறை போனபிறகு கார் மட்டும் மிஞ்சினால், புள்ளிக் கணக்கில் அது எவ்வளவு எடுத்தாலும் பாதிதான் மிஞ்சியதாக இருக்கும்.

வீட்டில் எரிந்த எலானைத் திருத்துகிறவர்களில் நல்லவர்கள் ஒரு வேலையை மறக்காமல் செய்கிறார்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் படமெடுத்து, எது பழையது, எது புதியது, எங்கே வெட்டி ஒட்டியது எண்டு ஒரு கோப்பில் வைக்கிறார்கள். பூச்சு அடித்துப் பளபளப்பாக்கிய பிறகு நெருப்பின் அடையாளம் கண்ணுக்குத் தெரியாது. கோப்பில் தெரியும். திருத்துவதும் மறைப்பதும் ஒன்றல்ல எண்டு சொல்ல அந்தக் கோப்பு ஒன்றே போதும்.