இருபத்தெட்டுப் பவுனில் ஒரு கடை



தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு 555 நோட்டுப் புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறிய புத்தகத்தில் கடைக்காரர் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று வரிசையாக எழுதி வைப்பார். சம்பள நாளன்று கூட்டித் தொகையைச் சொல்வார். சொன்னதைக் கொடுத்துவிட்டு வருவோம். மறுநாளே புதிய பக்கத்தில் கடன் தொடங்கிவிடும். அந்தக் கணக்கைத் தாமும் ஒருமுறை கூட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஏறக்குறைய இதே நிலையில் இருந்த நெசவாளர்கள் சிலர், தாங்களே கூட்டிப் பார்க்கத் தொடங்கிய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நடந்த இடம் வட இங்கிலாந்தில் உள்ள ரோச்டேல் என்னும் ஊர். காலம் 1844.

கம்பளித் துணி நெய்வதே அவ்வூரின் தொழில். விசைத்தறி வந்தபின் கைத்தறிக்காரர்களின் கூலி குறைந்துகொண்டே போயிற்று. கூலி உயர்வு கேட்டுப் போராடியும் பயன் இல்லை. கிடைத்த கூலியும் கடைக்காரர் கையில் கரைந்தது. கடனுக்கு வாங்குபவன் விலையைப் பற்றிப் பேச முடியாது. சரக்கின் தரத்தைப் பற்றியும் பேச முடியாது. சர்க்கரையில் மணலும் மாவில் படிகாரமும் கலந்து விற்ற காலம் அது.

சொந்தமாக ஒரு கடை வைப்போம் என்று அவர்கள் எண்ணியதில் புதுமை ஒன்றும் இல்லை. அதே ஊரில் 1833இல் தொழிலாளர்கள் ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். 1835இல் அது மூடப்பட்டது. கடனுக்குக் கொடுத்ததே காரணம். நல்ல மனம் இருந்தது; சரக்கு வாங்கப் பணம் திரும்பி வரவில்லை. அந்தத் தோல்வியை நேரில் கண்டவர்களில் சார்லஸ் ஹோவர்த் என்பவரும் ஒருவர். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பணம் சேர்த்த கணக்கு. அந்நாளில் ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. ஆகவே ஒரு பவுன் என்பது 240 பென்னி. வாரத்துக்கு 2 பென்னி என்று சந்தா தொடங்கினார்கள். அப்படியானால் ஒருவர் ஒரு பவுன் சேர்க்க 120 வாரம், அதாவது இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். சந்தாவை 3 பென்னியாக உயர்த்தினார்கள். 120 வாரம் 80 வாரமாகக் குறைந்தது. ஊரை மூன்று பகுதியாகப் பிரித்து, வீடு வீடாகச் சென்று அந்தச் சில்லறையை வாங்கிவந்தார்கள். 1844 அக்டோபர் 24ஆம் நாள் சங்கம் பதிவாயிற்று. கையில் சேர்ந்த முதல் 28 பவுன்.

டோட் லேன் என்ற தெருவில் ஒரு கிடங்கின் கீழ்த்தளம். ஆண்டு வாடகை 10 பவுன். வீட்டுக்காரர் சங்கத்தை நம்பி இடம் கொடுக்க மறுத்ததால் ஹோவர்த் தம் பெயரிலேயே எடுத்தார். மூன்று மாத வாடகையை முன்கூட்டியே கட்டினார்கள். பலகை, தராசு முதலியவற்றுக்குச் செலவானது போக, சரக்குக்குப் போட்ட தொகை 16 பவுன் 11 ஷில்லிங் 11 பென்னி.

இதை வைத்து என்ன வாங்குவது? 672 றாத்தல் கோதுமை மாவு, 56 றாத்தல் சர்க்கரை, 28 றாத்தல் வெண்ணெய், ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி. அவ்வளவுதான். தேயிலையும் புகையிலையும் பின்னரே வந்தன. ஒவ்வொரு வீட்டிலும் வாரந்தோறும் தீர்ந்துபோகிற பொருள்களை மட்டுமே தேர்ந்தெடுத்திருந்தார்கள். 1844 டிசம்பர் 21ஆம் நாள் மாலை கடை திறந்தபோது தெருப்பையன்கள் கூடி நின்று கேலி செய்தார்களாம். முதலில் திங்கள் மாலையும் சனி மாலையும் மட்டுமே வியாபாரம்.

1845ஆம் ஆண்டு முழுவதும் நடந்த விற்பனை 710 பவுன். தொடக்கச் சரக்கோ 17 பவுனுக்கும் குறைவு! வகுத்துப் பாருங்கள், நாற்பது மடங்குக்கு மேல். சரக்கு விற்றது, வந்த பணத்தில் மறுபடி சரக்கு வாங்கினார்கள், அதுவும் விற்றது. சிறு முதல் வேகமாகச் சுழன்றதுதான் இரகசியம். கடனுக்கு ஒரு மூட்டை போனால் அந்தச் சுழற்சி அங்கேயே நின்றுவிடும். ஆகவேதான் ரொக்கத்துக்கு மட்டுமே விற்பனை என்று உறுதியாக நின்றார்கள். இது கடுமையான விதிதான். கையில் காசே இல்லாத பரம ஏழைக்கு அந்தக் கடையில் இடம் இல்லாமல் போயிற்று என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் கடன் கொடுத்த முந்தைய கடை இரண்டே ஆண்டில் மூடியபின் அந்த ஏழைக்கும் பயன்படவில்லை.

இனி இலாபத்தை எப்படிப் பங்கிடுவது? பணம் அதிகம் போட்டவருக்கு அதிகம் என்பது வழக்கமான முறை. அவர்களோ முதலுக்கு ஓர் அளவான வட்டி மட்டும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை யார் எவ்வளவு வாங்கினாரோ அந்த விகிதத்தில் திருப்பித் தந்தார்கள். இந்த யோசனை ஹோவர்த்துடையது என்று சொல்லப்படுகிறது. நம் பணத்தில் சொல்லுகிறேன். மூன்று மாதத்தில் ஒரு குடும்பம் 300 வெள்ளிக்கும், இன்னொரு குடும்பம் 100 வெள்ளிக்கும் சாமான் வாங்கியிருக்கிறது. திருப்பிக் கொடுப்பது நூற்றுக்கு 6 என்றால், முதல் குடும்பத்துக்கு 18 வெள்ளி. அடுத்ததற்கு 6 வெள்ளி. இரண்டு வீட்டாரும் வேறு கடைக்கு ஏன் போகப் போகிறார்கள்?

போகவில்லை என்பதற்குக் கணக்கே சாட்சி. 1845இல் 74 உறுப்பினர்கள். 710 பவுன் வியாபாரம். ஆளுக்கு ஏறக்குறைய ஒன்பதரைப் பவுன். 1848இல் 140 உறுப்பினர்கள்; 2,276 பவுன். ஆளுக்கு 16 பவுன். 1850இல் 600 உறுப்பினர்கள், 13,179 பவுன். ஆளுக்கு ஏறத்தாழ 22 பவுன். உறுப்பினர் தொகை பெருகியது ஒருபுறம் இருக்க, ஒவ்வொருவரும் தம் செலவில் மேலும் மேலும் பெரிய பங்கைத் தம் கடையிலேயே செய்திருக்கிறார்கள். மொத்த விற்பனையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. வகுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இலாபத்தையும் அப்படியே பார்க்கலாம். 1849இல் 6,611 பவுன் வியாபாரத்தில் இலாபம் 561 பவுன். 1850இல் இலாபம் 880 பவுன். 319 பவுன் கூடியது உண்மைதான். ஆனால் ஒரு பவுன் விற்பனைக்கு எவ்வளவு? முதல் ஆண்டில் ஏறக்குறைய 20 பென்னி. அடுத்த ஆண்டில் 16 பென்னி. மொத்தம் ஏறுகிறது, விகிதம் இறங்குகிறது. கடை நடத்துகிறவர் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்து மகிழ்ந்தவர்கள் ஏமாந்ததுண்டு.

இந்தக் கணக்குகள் யார் கையில் இருந்தன என்பது இன்னும் முக்கியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டம் போட்டு, வரவு செலவை உறுப்பினர் முன் வைத்தார்கள். எந்த நெசவாளியும் எழுந்து நின்று, இது ஏன், அது ஏன் என்று கேட்கலாம். அதே ஊரில் ஒரு சேமிப்பு வங்கி இருந்தது. ஏழைகள் காசு காசாகப் போட்டு வைத்த வங்கி. அதை நடத்தியவர் ஊரில் பெரிய மனிதர். கணக்கைக் காட்டு என்று அவரை யார் கேட்பது? அவர் இறந்த பிறகு, 1849இல், பெட்டியைத் திறந்தபோது 70,000 பவுனுக்கு மேல் காணவில்லை. தலையில் அடித்துக்கொண்ட ஊர்மக்களில் பலர் அதன்பின் டோட் லேன் கடையை நாடி வந்தார்கள். 1850இல் உறுப்பினர் தொகை 600 ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1846இல் எலைசா பிரையர்லி என்ற பெண் தம் பெயரிலேயே பங்கு வாங்கி உறுப்பினரானார். மணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுக்கே உரியது என்று சட்டம் சொன்ன நாட்டில், 1870இல்தான் அந்தச் சட்டம் மாறத் தொடங்கியது. அதற்கு 24 ஆண்டு முன்பே இந்தக் கடை ஒரு பெண்ணுக்குத் தனிக் கணக்கு எழுதியது. அடுப்படிச் செலவை அறிந்தவர் வீட்டுக்காரிதானே! மாதம் எத்தனை றாத்தல் மாவு ஆகும் என்பது தறிக்காரருக்கு எங்கே தெரியும்?

இந்த வழி நம் நாட்டுக்கும் வந்தது. மலாயாவில் 1922இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அரசு ஊழியரிடையேயும் தோட்டத் தொழிலாளரிடையேயும் சிக்கனச் சங்கங்கள் தோன்றின. பிறகு தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் காலம் வந்தது. வேலையும் போய், குடியிருந்த லயமும் போய், தொழிலாளர் தெருவில் நிற்கும் நிலை. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. பால்மரம் சீவுகிறவரிடம் ஒரே தடவையில் 100 வெள்ளி ஏது? மாதம் 10 வெள்ளி வீதம் பத்து மாதம் என்று பிரித்தார்கள். ரோச்டேல்காரர்களின் வாரம் 3 பென்னிதான் இங்கே மாதம் 10 வெள்ளி. அப்படிச் சேர்ந்த பணத்தில் அடுத்த ஆண்டே, 1961இல், சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. அது கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம்.