பதின்மூன்று ஆம்பியரும் பாலசமுத்திரத்து வீடும்

பழனிக்கு அருகே, பாலாறு பொருந்தலாறு அணையை ஒட்டிய பாலசமுத்திரத்தில் நம் உறவினரின் பழைய ஓட்டு வீடு ஒன்று உண்டு. சுவரில் தேக்குச் சட்டம், அதன்மேல் தகரக் கிளிப்புகள் பிடித்து நிற்கும் ஒயர், வாசலருகே பீங்கான் பியூஸ்கள். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய அவ்வீட்டு இளைஞர் ஒரு மின்கெண்டி கொண்டுவந்திருந்தார். அதன் தடித்த சதுரமுனை பிளக் நம் சாக்கெட்டில் நுழையவில்லை. வந்த மின்பணியாளர் அதை வெட்டியெறிந்து நம்மூர் உருண்டைமுனை பிளக்கைப் பொருத்திவிட்டுப் போனார். குப்பையில் கிடந்த பிளக்கைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஓரங்குல நீளத்தில் சிறு பீங்கான் உருளை. அதில் 13 என்று அச்சிட்டிருந்தது. பிளக்கோடு சேர்த்து ஒரு பியூஸையும் எறிந்திருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. அது அங்கே ஏன் இருந்தது என்ற கேள்வி நம்மை இரண்டாம் உலகப் போர்க்காலத்து லண்டனுக்கு இட்டுச் சென்றது.

குண்டுவீச்சில் அழிந்த வீடுகளைப் போருக்குப் பின் எப்படிக் கட்டுவது என்று பிரிட்டன் போர் நடக்கும்போதே சிந்தித்தது. வீட்டு மின்னமைப்பை ஆராய 1942இல் ஒரு குழு அமைந்தது. இருபது பேர் கொண்ட அக்குழுவில் ஒரே பெண், கரோலின் ஹாஸ்லெட். மின்சாரத்துக்கான மகளிர் சங்கத்தை நடத்தியவர். அடுப்படியில் நிற்பவர் கண்ணோட்டமும் தவழும் குழந்தையின் விரலும் அக்குழுவின் கவனத்துக்கு வந்ததில் அவருக்குப் பங்குண்டு என்பர். நிலமுனை முதலில் நுழைந்தால்தான் திறக்கும் மூடி அந்தச் சாக்கெட்டில் இருக்கிறது. அறிக்கை 1944இல் வந்தது; பி.எஸ். 1363 என்ற தரம் 1947இல் வெளியானது.

அதுவரை பிரிட்டனில் 2, 5, 15 ஆம்பியர் என்று வெவ்வேறு அளவில் உருண்டைமுனை பிளக்குகள் இருந்தன. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பெட்டியிலிருந்து தனிக் கம்பி, தனி பியூஸ். புதிய வீடுகளில் அறைக்கு அறை சாக்கெட் வேண்டுமென்றால் தாமிரம் எவ்வளவு செலவாகும்? தாமிரப் பஞ்சம் ஒன்றே காரணம் என்று எழுதுவோர் உண்டு. நமக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. எல்லாக் கருவிக்கும் ஒரே பிளக் என்ற ஆசையும் அதற்கு நிகரானது.

விடை வளையச் சுற்று. பெட்டியிலிருந்து புறப்படும் கம்பி எல்லாச் சாக்கெட்டுகளையும் தொட்டுக்கொண்டு புறப்பட்ட இடத்திற்கே திரும்பும். மின்னோட்டத்துக்கு இரு வழி கிடைப்பதால் 2.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பியே போதும். பெட்டியில் முன்பு 30, இன்று 32 ஆம்பியர் காப்பு. ஆனால் 32 ஆம்பியர் காவலாளிக்கு ஒரு மேசைவிளக்கின் மெல்லிய கம்பி எரிவது கண்ணில் படாது. ஆகவே அக்காவலை இறக்கி ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் வைத்தார்கள்: விளக்குக்கு 3 ஆம்பியர், கெண்டிக்கு 13.

வளையத்திலிருந்து ஒரு கிளை பிரிக்கும்போது இந்தத் தர்க்கம் நெருக்கடிக்குள்ளாகிறது. கிளைக்கு இரு வழி இல்லை, ஒற்றைக் கம்பிதான். எனவே பியூஸ் இல்லாத கிளையில் ஒற்றையோ இரட்டையோ ஒரே ஒரு சாக்கெட்டுக்குத்தான் அனுமதி. அதற்கு மேல் வேண்டுமானால் கிளை தொடங்குமிடத்தில் 13 ஆம்பியருக்கு மிகாத பியூஸ் கொண்ட இணைப்பு வேண்டும்; அப்போது கிளை முழுவதும் சேர்ந்து அவ்வளவுதான் இழுக்க முடியும். மின்சாரத்தை நிறுத்தி, ஒயரில் உயிரில்லை என்று சோதித்த பிறகும் ஒரு வேலை உண்டு. கையிலிருக்கும் சாக்கெட் வளையத்தில் இருப்பதா, அதுவே ஒரு கிளையா என்று அறிய வேண்டும். இரண்டு கம்பிகள் தெரிவதால் மட்டும் வளையம் என்று சொல்லிவிட முடியாது. பெட்டியில் இரு முனைகளையும் கழற்றி முனைக்கு முனை தடை அளந்தாக வேண்டும். வளையம் எங்கோ அறுந்திருந்தாலும் எல்லாச் சாக்கெட்டும் வழக்கம்போல் வேலை செய்யும். பாரம் முழுவதும் ஒரு பக்கக் கம்பியில் ஏறியிருப்பதை யாரும் அறியார். அம்முறையின் பெரிய குறை இதுவே.

1947இல் பிரிட்டன் உருண்டைமுனையைக் கைவிடத் தொடங்கியது. அதே ஆண்டில் விடுதலை பெற்ற நாம் அதை வைத்துக்கொண்டோம். 5, 15 என்பன 6, 16 ஆயின, வடிவம் மாறவில்லை. மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங், வளைகுடா நாடுகள் பல சதுரமுனைக்குப் போயின. நெடுங்காலம் நம்மைப்போல் உருண்டைமுனை வைத்திருந்த இலங்கையும் பின்னாளில் அதைத் தேசியத் தரமாக்கியது. ஆகவே கடல் கடந்த தமிழர் வீட்டில் காவல் பிளக்குக்குள். ஊரிலுள்ள தமிழர் வீட்டில் காவல் பெட்டிக்குள். பிளக்கை வெட்டுகிறவர் இந்த வேறுபாட்டையும் சேர்த்து வெட்டிவிடுகிறார். 3 ஆம்பியர் பியூஸை நம்பி மெல்லிய கம்பியோடு வந்த கருவிக்கு இங்கே 16 ஆம்பியர் மட்டுமே காப்பு.

பாலசமுத்திரத்துக் கெண்டி தடித்த கம்பி கொண்டதுதான். தவறு சுவரில் நடந்தது. கூடத்து விளக்குப் பலகையிலிருந்து 'லூப்' எடுத்துச் சமையலறைக்கு ஒரு சாக்கெட் போட்டிருந்தார்கள். இந்திய நடைமுறை விளக்கு, விசிறிச் சுற்றுக்குப் பத்து முனை, 800 வாட் என்று எல்லை வகுத்திருக்கிறது. 2000 வாட் கெண்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். பியூஸ் இருமுறை போயிற்று. மூன்றாம் முறை யாரோ பழைய ஒயரிலிருந்து நான்கைந்து தாமிர இழைகளை முறுக்கிப் பியூஸில் கட்டிவிட்டார்கள். நம் ஊர்களில் எத்தனை வீட்டுப் பெட்டிகளில் இந்த முறுக்கிய இழைகள் இருக்கின்றனவோ! பியூஸ் உருகாத வீட்டில் சுவரே பியூஸாகிறது. கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில் தேக்குச் சட்டத்திலிருந்து ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பாட்டிதான் முதலில் கண்டு மெயினை இறக்கினார்.

நம் அமைப்பில் பியூஸ் வைத்த கிளைக்குச் சமமானது ஒன்று உண்டு: பெட்டியிலிருந்தே தனிக் கம்பி, அதற்கென்று ஒரு எம்.சி.பி., நிலக்கம்பி, மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி. உரிமம் பெற்ற பணியாளர் ஒருவர் வந்து சமையலறைக்கு அவ்வாறே இழுத்துக் கொடுத்தார். பழைய சாக்கெட்டைக் கழற்றியபோது அதன் பின்னால் நிலக்கம்பியே இல்லை. மூன்றாம் துளை வெறும் துளையாக இருந்தது. சிங்கப்பூரிலிருந்து அடுத்த முறை வரும்போது பிளக்கை வெட்ட வேண்டாம், சதுரமுனைக்கும் இடமளிக்கும் சாக்கெட் ஒன்றை இங்கேயே மாட்டிவைக்கிறோம் என்று அந்த இளைஞரிடம் பாட்டி தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.