ஜெர்மன் ராணுவப் பதிவேடுகளில் தாத்தாவைத் தேடுவது எப்படி?

சீருடை அணிந்த ஒருவரின் பழைய புகைப்படம், பின்னால் ஒரு ஜெர்மன் பெயர். குடும்ப வரலாறு தேடும் பலருக்குக் கையில் இருப்பது அவ்வளவுதான். அங்கிருந்து எங்கே போவது?

"எந்தப் போர்முனையில் இருந்தார்?" என்று பலர் தொடங்குகிறார்கள். முதலில் தெரியவேண்டியது அவர் எந்த வட்டாரத்துக்காரர் என்பது. முதல் உலகப் போரின்போது ஜெர்மனிக்கு ஒரே தரைப்படை இல்லை. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க் நான்கும் தனித்தனிப் படை வைத்திருந்தன. ஆவணங்களும் தனித்தனி. (கடற்படை மட்டும் பேரரசு முழுமைக்கும் ஒன்றே. 1914இல் பினாங்கைத் தாக்கிய 'எம்டன்' கப்பல் அதைச் சேர்ந்தது.)

பிரஷ்யப் படைவீரர் என்றால் கொஞ்சம் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். போட்ஸ்டாம் நகரில் இருந்த ராணுவக் காப்பகம் 1945 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு பிரிட்டிஷ் குண்டுவீச்சில் அழிந்தது. வீரர்களின் கோப்புகளில் பெரும்பகுதி அதோடு போய்விட்டது.

பவேரியர் என்றால் அதிர்ஷ்டம். மியூனிக் போர்க் காப்பகத்தில் படைப் பெயரேடுகள் தப்பியிருக்கின்றன. ஒரே வரிசையில் பிறந்த ஊர், சமயம், தொழில், பெற்றோர் பெயர், மனைவி, பிள்ளைகள், கலந்துகொண்ட சண்டைகள், பட்ட காயங்கள்! சில குடும்பங்களுக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயரே அதில்தான் கிடைக்கிறது.

பிரஷ்யர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. போர்க்காலத்தில் அரசாங்கம் இழப்புப் பட்டியல்களை வெளியிட்டது. மொத்தம் சுமார் 31,000 பக்கங்கள். ஜெர்மன் ஆர்வலர் சங்கம் ஒன்று அவற்றை இணையத்தில் இலவசமாகத் தேடும்படி செய்திருக்கிறது. ஆனால் ஒன்று: பெயர் இருந்தால் உடனே இறந்துவிட்டார் என்று முடிவுகட்டாதீர்கள். காயமடைந்தோர், காணாமற்போனோர், சிறைபிடிக்கப்பட்டோர் எல்லாரும் அதில் உண்டு. மூன்று முறை காயம்பட்டவர் மூன்று முறை வருவார். ஒரே பெயரில் பலர் இருப்பதால் ஊர்ப் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஊர் இன்று போலந்தில், வேறு பெயரில் இருக்கலாம். பிரெஸ்லாவ் இப்போது விரோட்ஸ்வாஃப்.

இரண்டாம் உலகப் போர் வீரர் என்றால் கதை வேறு. சுமார் ஒரு கோடியே 80 லட்சம் பேரின் அட்டைகளைப் பெர்லின் அலுவலகம் ஒன்று பாதுகாத்துவந்தது. 2019 ஜனவரி முதல் அது ஜெர்மன் மத்திய ஆவணக் காப்பகத்தின் ஒரு பிரிவு. முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் ஆகியவற்றுடன் விண்ணப்பிக்கவேண்டும். பதில் வரத் தாமதமாகும்; பொறுமை வேண்டும். வரும் பதில் இனிப்பாகத்தான் இருக்கும் என்றும் சொல்லமுடியாது. வீட்டில் யாரும் பேசாத படைப்பிரிவின் பெயர் அதில் இருக்கலாம்.

கடைசியாக, கையெழுத்து. அக்காலக் 'குர்ரென்ட்' எழுத்தில் 'e'யும் 'n'உம் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். இன்றைய ஜெர்மானியர்களே திணறுவார்கள். எழுத்து அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்த பெயரிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.