சுனையில் கண்ட முகம்

நார்சிசஸ் என்றால் தன்னைத் தானே காதலித்தவன் என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ரோமானியக் கவிஞர் ஓவிட் கி.பி. 8-ஆம் ஆண்டையொட்டி முடித்த 'மெட்டமார்போசிஸ்' காவியத்தில் கதை அப்படித் தொடங்கவில்லை. வேட்டையாடிக் களைத்த பதினாறு வயதுப் பையன் தண்ணீர் குடிக்கச் சுனையில் குனிகிறான். உள்ளே ஒரு முகம். அதை வேறு யாரோ என்றே நினைக்கிறான். கை நீட்டினால் அந்த முகத்துக்குரியவனும் நீட்டுகிறான்; தொட்டால் கலைந்துபோகிறான். அது தன் முகம்தான் என்பது வெகுநேரம் கழித்தே உறைக்கிறது. உறைத்த பிறகும் எழுந்து போக முடியவில்லை. கரையிலேயே உருகிச் சாகிறான்.

அவனிடம் செருக்கு இருந்தது, மறுக்கவில்லை. விரும்பி வந்த அத்தனை பேரையும் உதறியவன். ஆனால் அவனைக் கொன்றது ஏக்கம். அவன் பெயரில் பிறந்த 'நார்சிசிசம்' என்ற சொல், வழியில் எங்கோ அந்த ஏக்கத்தைத் தவறவிட்டுவிட்டது.

1898-இல் ஆங்கிலேய மருத்துவர் ஹேவ்லாக் எல்லிஸ், தன் உருவத்திலேயே மூழ்கிக் கிடக்கும் மனப்போக்கை இந்தப் பையனோடு ஒப்பிட்டார். மறு ஆண்டே ஜெர்மனியின் பால் நேக்கெ அதை ஒரு கலைச்சொல்லாக்கினார். அப்போது அது பாலுணர்வைப் பற்றிய சொல் மட்டுமே. 1914-இல் உளப்பகுப்பாய்வாளர் பிராய்டு தனிக் கட்டுரை எழுதி அதன் எல்லையை விரித்தார்: கைக்குழந்தையின் அன்பு முதலில் தன்மீதேதான் இருக்கிறது, பிறகுதான் பிறரை நோக்கி நகர்கிறது என்றார். அவர் கணக்கில் நாம் எல்லோரும் அந்தச் சுனையருகே கொஞ்ச காலம் இருந்தவர்கள்தாம்.

பிராய்டின் வியன்னாவில் பிறந்து, நாஜிகளால் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்த உளப்பகுப்பாய்வாளர்கள் இருவர் பிற்பாடு அமெரிக்காவில் இதை எடுத்துக்கொண்டார்கள். ஓட்டோ கெர்ன்பெர்க் பெருமிதத்தின் அடியில் சினத்தையும் பொறாமையையும் கண்டார். ஹைன்ஸ் கோஹுட் கண்டது பசியை. சிறுவயதில் தன்னைப் பார்த்து மலரும் ஒரு முகம் கிடைக்காதவர், வளர்ந்த பின்னும் அதைத் தேடுகிறார். மருத்துவரையே கண்ணாடியாக்கிக்கொள்கிறார் என்றார் அவர். ஓவிட்டின் சுனைக்கு மருத்துவத்தில் இதைவிட நெருங்கி வந்தவர் இல்லை என்பேன்.

1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இது ஆளுமைக் கோளாறாக இடம்பெற்றது. இன்றைய கையேட்டில் ஒன்பது அடையாளங்கள். குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அவையும் ஒருநாள் கூத்தாக இல்லாமல், இளமையிலிருந்தே வீடு, வேலை, உறவு எனப் பல இடங்களிலும் தொடர வேண்டும். மருத்துவர் நேரில் பேசித்தான் முடிவுக்கு வரமுடியும்.

தெருவில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. நாளுக்குப் பத்து செல்ஃபி எடுக்கும் பெண், அதட்டிப் பேசும் மேலதிகாரி, பிரிந்துபோன கணவன், எல்லோரும் 'நார்சிசிஸ்ட்'. தலைக்கனம், திமிர், தற்பெருமை என்று நம்மிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன. ஒருவரின் நடத்தையைச் சொல்ல அவை போதும். கணவனால் சிறுமைப்பட்ட பெண்ணுக்கு இந்தச் சொல் ஆறுதலாக இருப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அவள் பட்டது உண்மை என்று நிலைநாட்ட அவனுக்கு நோய் இருக்கவேண்டியதில்லை. உண்மையிலேயே அந்தக் கோளாறு உள்ளவரோ, பாராட்டு வற்றியதும் மனச்சோர்வில் விழுந்து உதவி தேடி வரக்கூடும். தன் நோயின் பெயர் ஊரில் வசையாகப் புழங்கினால், அவர் எப்படி வாய் திறப்பார்?

மருத்துவ உலகிலோ, 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இந்தப் பெயரில் தனிக் கோளாறு இல்லை. ஆளுமைச் சிக்கல் எவ்வளவு தீவிரம், எந்த இயல்புகள் மேலோங்கி நிற்கின்றன என்றே மருத்துவர் குறிக்கிறார்.